நாற்பத்திரண்டிலேயே நிற்கும் தண்ணீர்

இல்ல மேடம், நான் போட்டிங்குக்கு வரல. வாசல் காவலாளிகிட்டயும் அதையேதான் சொன்னேன். டிக்கெட் எங்கங்கறார். டிக்கெட் ஜன்னல் மூடியிருக்குங்கறேன். அணைப் பூங்காவையே மூடியாச்சு, ஜன்னல் மட்டும் எப்படித் திறந்திருக்கும்ங்கறார். சரி, அப்ப உள்ள எப்படி வர்றதுன்னா, டிக்கெட் வாங்கிட்டு வாங்கங்கறார். இருபது நிமிஷம் இதே பேச்சு, தூறல்ல நின்னுக்கிட்டு. கடைசியில அவருக்கு யாரோ போன் பண்ணாங்க, அவர் அந்தப் பக்கம் திரும்பினார், நான் இந்தப் பக்கம் உங்க கட்டுப்பாட்டு அறைக்கு வந்துட்டேன். திட்டறதா இருந்தா அப்பறம் திட்டுங்க. இப்ப மணி பன்னெண்டே முக்கால். ரெண்டு மணிக்கு மூணு ஷட்டரையும் தூக்கப் போறீங்க. எனக்கு வேண்டியது ஒரே ஒரு போன். எங்க அக்காவுக்கு. அதை நீங்க பண்ணணும். நான் பண்ணிப் பாத்தாச்சு.

எடுங்க, எடுங்க, உங்க போன் அடிக்குது. நான் நிக்கறேன்.

யாரு, நாளைக்குப் படகு ஓடுமான்னு கேக்கறாங்களா? சரிதான். வெள்ளம் வருதுன்னு மெசேஜ் அனுப்பினா ஜனங்க படகு ஓடுமான்னு கேக்கறாங்க. நான் அவங்களைக் குறை சொல்லல மேடம். இங்க மேட்டுல வீடு வாங்கின எட்டு மாசமா நானும் அந்த ஜாதிதான். அணைன்னா எனக்கு ஒரு பெஞ்ச், ஒரு ஃப்ளாஸ்க் காப்பி, காலையில மீன் துள்ளற சத்தம். அவ்வளவுதான். இது வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கக் கட்டினது, நாம உக்காந்து ரசிக்கறது சும்மா கூட வந்ததுன்னு இப்பதான் உறைக்குது.

அக்கா இங்கிருந்து பதினஞ்சு கிலோமீட்டர் கீழ, ஆறு வளையற இடம். செங்கல் சூளைக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு பாருங்க, நாப்பது வீடு. தெரியாதா? உங்க பட்டியல்ல இருக்கணுமே. பாருங்க, பொறுமையா பாருங்க. இல்லையா? சூளையே இல்லையா? அது எந்த வருஷத்துப் பட்டியல் மேடம்? சூளை வந்தே பதினோரு வருஷம் ஆச்சு. எங்க அக்கா பேத்திக்கு வயசு ஒன்பது. அந்தக் குழந்தை பிறந்ததுல இருந்து அந்த வீட்லதான் இருக்கா, உங்க கணக்குல அது வெறும் பொட்டல்.

இல்ல இல்ல, உங்களைச் சொல்லல. யாரோ எப்பவோ தட்டச்சு பண்ணது. புரியுது. கீழ இருக்கறவங்களுக்குச் சொல்றது கீழ இருக்கற ஆபீஸ் வேலை. நீங்க அவங்களுக்குச் சொல்லிட்டீங்க. அவங்க வண்டி அனுப்பிட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையைச் செஞ்சாச்சு. ஆனா எங்க அக்கா இன்னும் அடுப்படியிலதான் இருக்கா. அதுதான் என் பிரச்சினை.

வண்டி போச்சு மேடம். நான் இல்லேங்கல. பத்து மணிக்கு மைக் கட்டிக்கிட்டு சந்து வாசல் வரைக்கும் போயிருக்கு. தண்ணி வருது, மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு டிரைவர் சொல்லியிருக்கார். நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? போனை எடுத்து அந்த டிரைவர்கிட்ட ஒரு போட்டோவைக் காட்டியிருக்காங்க. காலையில ஆறரை மணிக்கு எடுத்தது. அணையோட அளவுப் பலகை. தண்ணி நாப்பத்திரண்டு அடியில நிக்குது. மூணு வாரமா அதே நாப்பத்திரண்டு. அவர் போட்டோவை வாங்கி, விரலால பெருசு பண்ணிப் பாத்து, அட, ஏறவே இல்லையேன்னு சொல்லிட்டு மைக்கைச் சுருட்டி வெச்சுட்டுப் போயிட்டார். சிரிக்காதீங்க மேடம். நானும் முதல்ல கேட்டப்ப சிரிப்புத்தான் வந்துச்சு.

ஆமா. படகுத்துறையில இருக்கற பலகைதான். சிவப்பும் வெள்ளையுமா, பெரிய பெரிய எழுத்து. அது அழகுக்கு வெச்சதா? நீங்க சொல்றீங்க, அழகுக்கு வெச்சதுன்னு. அதுல எழுதியிருக்கா, இது அழகுக்குன்னு? முன்னாடி அது கல் தூண்ல இருந்துதாம். படகு கிளப் தலைவர் போன வருஷம் பெயிண்ட் அடிக்கறேன்னு கழட்டினாராம். அடிச்சு முடிச்சதும், தூண்ல இருந்தா யாரும் பக்கத்துல நின்னு படம் எடுக்க முடியலையேன்னு, கொண்டு வந்து மிதக்கற மேடையில அறைஞ்சுட்டார். மிதக்கற மேடையில! தண்ணி ஏறினா மேடை ஏறும், மேடை ஏறினா பலகை ஏறும். பிரளயமே வந்தாலும் அது நாப்பத்திரண்டுதான் காட்டும். உலகத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? குழந்தை வளருதான்னு பாக்க, குழந்தை முதுகுலயே ஸ்கேலைக் கட்டி விட்ட மாதிரி.

தெரியும், நிஜமான அளவு மதகுக் கோபுரத்துக்குள்ள இருக்கு, அதை நீங்க மணிக்கொரு தடவை பாத்து எழுதறீங்க. அது பூட்டின கதவுக்கு உள்ள இருக்கு மேடம். வெளிய இருக்கறவன் வெளிய இருக்கறதைத்தானே பாப்பான்?

சரி. அப்பறம் சங்கு. ஆத்தோரமா எங்க அக்கா ஊர் வரைக்கும் கம்பத்துல வெச்ச சங்கை ஊதினோம்ங்கறீங்க. ஊதினீங்க. எத்தனை மணிக்கு? பதினொண்ணு. இன்னிக்கு என்ன கிழமை? சொல்லுங்க. சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினோரு மணிக்கு சங்கு சரியா இருக்கான்னு ஊதிப் பாக்கறது யாரு? நீங்கதான். எங்க அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உலை வெக்கறா. பக்கத்து வீட்டுக்காரர் கடிகாரத்தைத் திருத்தறார். இன்னிக்கு நிஜமாவே ஊதினீங்க, அவ அரிசியைக் களைஞ்சு போட்டுட்டா. ஒரு பத்து நிமிஷம் தள்ளி ஊதியிருக்கலாம். பதினொண்ணு பத்துக்கு ஊதியிருந்தா நாப்பது வீட்லயும் ஒருத்தராவது தலையை வெளிய நீட்டியிருப்பாங்க.

விதிப்படிங்கறீங்க. ஷட்டர் தூக்கறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி. சரி. விதி சரியாத்தான் இருக்கு.

உக்காரலாமா? நன்றி. இல்ல, தண்ணி வேண்டாம். அதை நினைச்சாலே.

நேர்ல போகலாமேன்னு கேக்கறீங்க. போனேன் மேடம். பத்தேகாலுக்கு உங்க மெசேஜ் வந்துச்சு, பத்தரைக்கு வண்டியை எடுத்தேன். நடுவுல தரைப்பாலம் இருக்குல்ல, காலையில நீங்க சின்ன மதகைத் திறந்ததுலயே அது முங்கிடுச்சு. போலீஸ்காரர் கயிறு கட்டி நிக்கறார். சுத்திப் போனா மூணு மணி நேரம். நான் போய்ச் சேரும்போது தண்ணி எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கும். அதான் வண்டியைத் திருப்பி இங்க வந்தேன். வர்ற வழியெல்லாம் அவகூட போன்லதான் இருந்தேன்.

அவ என்ன சொன்னா? நீ மேட்டுல உக்காந்துக்கிட்டு பயப்படறியாடான்னு சொன்னா. உனக்கு சின்ன வயசுல இருந்தே இடின்னா நடுக்கம்னு சொன்னா. சரி, அது உண்மைதான். அக்கா, இது இடி இல்ல, தண்ணி, ரெண்டு மணிக்குத் திறக்கறாங்க, பேத்திங்களைக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போன்னு கெஞ்சறேன். அவ சொல்றா, தம்பி, இன்னிக்குக் காலையிலகூட நீ அனுப்பின போட்டோல நாப்பத்திரண்டுதானே இருக்கு, நாலு மணி நேரத்துல என்ன வானமா இடிஞ்சுதுன்னு.

ஆமா மேடம். போட்டோ நான் அனுப்பினதுதான். மறைக்கல. வேற யாரு அனுப்புவா? தினமும் காலையில ஆறரைக்கு அந்த மேடையில போய் உக்காருவேன். பலகையை ஒரு படம் எடுப்பேன். அக்காவுக்கு அனுப்புவேன். அவ அதைத் தெரு குரூப்புல போடுவா, எங்க தம்பி அனுப்பினதுன்னு. நாப்பது வீடும் பாக்கும். இருபத்திரண்டு நாள். ஒருத்தர் அதுக்குக் கீழ தினமும் கும்பிடு போடற பொம்மை வேற போடுவார்.

அவ ஏன் அனுப்பச் சொன்னாங்கறீங்களா, அதுக்கு ஒரு கதை இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி, நான் வெளிநாட்டுல இருந்தப்ப, யாரோ அணை உடைஞ்சுதுன்னு கிளப்பி விட்டாங்க. சந்து மொத்தமும் ராவோட ராவா ஓடுச்சு. எங்க மாமா, அக்கா வீட்டுக்காரர், பதட்டத்துல டிவி ரிமோட்டை மட்டும் கையில எடுத்துக்கிட்டு ஓடியிருக்கார். காலையில திரும்பி வந்தா ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. டிவியும் இல்ல. எவனோ நிதானமா வந்து தூக்கிட்டுப் போயிட்டான். அன்னியில இருந்து தெருவுல அவருக்குப் பேரே ரிமோட். சின்னப் பசங்ககூட, ரிமோட் மாமா, சேனலை மாத்துங்கன்னு கத்தும். மனுஷன் ஆறு மாசம் கடைப்பக்கம் தலை காட்டல. அக்கா அன்னிக்கே சொல்லிட்டா, இனிமே கண்ணால பாத்தாத்தான் கிளம்புவேன்னு.

நான் வந்து இந்த மேட்டுல வீடு வாங்கினதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். என் தம்பி அணைக்குப் பக்கத்துலயே இருக்கான், அவன் கண்ணு என் கண்ணு மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. மழை ஆரம்பிச்ச அன்னிக்கு போன் பண்ணா. நீ தினமும் அந்தப் பலகையைப் பாத்து ஒரு படம் அனுப்பு, அது போதும், நாங்க வேற யார் பேச்சையும் கேக்க மாட்டோம். அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அவ என்னை வளத்தவ மேடம். எட்டு வயசு பெரியவ. எனக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க. அவ பள்ளிக்கூடத்தை விட்டுட்டு எனக்குச் சட்டை துவைச்சா. என்னை டவுன்ல இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க, சாயங்காலம் வந்து அவளுக்குப் பாடம் ஒப்பிப்பேன். ஒரு எழுத்து புரியாது அவளுக்கு. நான் தடுமாறினா மட்டும் கண்டுபிடிச்சுடுவா. எப்படின்னா, நீ பொய் சொல்லும்போது கழுத்தைச் சொறிவடாம்பா. இப்ப எங்க பாத்தா. போட்டோவுல கழுத்து தெரியாதே.

என்ன வேலை பாத்தேனா? சொன்னா நம்ப மாட்டீங்க. மெஷின் வாங்கினா கூட ஒரு சின்னப் புத்தகம் வருமில்ல, அதை மொழிபெயர்க்கறது. இருபத்திரண்டு வருஷம். ஈரக் கையால் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். மூடியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும். எச்சரிக்கை எழுதியே சம்பாதிச்சவன் நான். ஒரு சோப்புப் பொடிக்கு மட்டும் பதினாறு எச்சரிக்கை எழுதியிருக்கேன். சொந்த அக்காவுக்கு ரெண்டு பாஷையிலயும் ஒண்ணு எழுதத் தெரியல.

போன், போன். எடுங்க.

லைஃப் ஜாக்கெட் சின்ன சைஸ் இருக்கான்னா? நல்லது. இருக்குன்னு சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டா போட்டுக்கட்டும்.

மன்னிக்கணும். கத்தல. குரல் தானா ஏறுது.

மேடம், ஒரு மணி நேரம் தள்ளிப் போட முடியாதா? ரெண்டுக்குப் பதிலா மூணு. உங்க பெரியவர் எங்க? மேல ஷட்டர்கிட்டயா? அந்த வாக்கி டாக்கியில ஒரு வார்த்தை கேக்கலாம்ல? கேட்டீங்களா? எப்ப? நான் வர்றதுக்கு முன்னாடியே வேற யாரோ கேட்டாங்களா? என்ன சொன்னார்?

ம்.

சரி, மறுபடி சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன். மேல மழை நிக்கல. உள்ள வர்ற தண்ணி நின்னாத்தான் பொறுமையா விடலாம். ஒரு மணி நேரம் தாமதிச்சா, விட வேண்டியது இன்னும் அதிகமாகும். இப்ப திறந்தா அக்கா வீட்ல இடுப்பளவு. மூணு மணிக்குத் திறந்தா கூரையளவு. அப்படித்தானே? அப்ப தள்ளிப் போடச் சொல்றவன் முட்டாள். சரி. நான் அந்தப் பேச்சை விட்டுட்டேன். ரெண்டு மணிக்கே திறங்க. திறக்கறதுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

அவளே சொன்னா மேடம், அதனாலதான் கேக்கறேன். கடைசியா பேசறப்ப சொன்னா, உனக்கு யாரோ பயம் காட்டியிருக்காங்க, அணை ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் என்கிட்ட நேரா சொல்லட்டும், அப்ப கிளம்பறேன்னு. சொல்லிட்டு வெச்சுட்டா. அதுக்கப்பறம் நான் பண்ணா எடுக்கல. பதினேழு தடவை. குழம்பு கொதிக்குதுன்னா அவ யார் போனையும் எடுக்க மாட்டா. அவ ஒருத்தி கிளம்பினா போதும், நாப்பது வீடும் கிளம்பிடும். அந்தத் தெருவுல அவ சொல்றதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி எல்லாரையும் எழுப்பி ஓட வெச்சதும் அவதான், இப்ப எல்லாரையும் உக்கார வெச்சிருக்கறதும் அவதான்.

தனி ஆளுக்குப் போன் பண்ணக் கூடாதா. அப்படி ஒரு விதி எழுதியிருக்கா, இல்ல அப்படி ஒரு பழக்கமா? பழக்கம். சரி. காலையில இருந்து எத்தனை தனி ஆளுக்குப் படகு ஓடாதுன்னு சொல்லியிருக்கீங்க? நான் வந்ததுல இருந்தே ரெண்டு. மேடம், நான் தர்க்கம் பண்ண வரல. அது எனக்கு நல்லா வரும், அதனால எந்தப் பிரயோஜனமும் இருந்ததில்ல.

என்ன கேக்கறீங்க? தினமும் போறவருக்கு வித்தியாசம் தெரியலையான்னா? என்ன தெரியும்? நான் என்ன இன்ஜினியரா? தண்ணி தண்ணியா இருக்கும். காலையில பனி வேற. அந்தப் பக்கம் கரை செங்குத்தா இறங்குது, ஏறினாலும் அகலம் தெரியாது. நான் காப்பி குடிக்கறவன். மீன் பாக்கறவன். ஒன்பது அடி ஏறினதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது அடி ஏறறவரைக்கும் அந்தக் கிளப் தலைவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்னு கேளுங்க. அவர் தினமும் அங்கதான் நிக்கறார், வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு. அவரைக் கூப்பிட்டு விசாரிங்க. நான் புகார் எழுதித் தர்றேன். எங்க ஒரு பேப்பர்? எழுதிக் குடுத்துட்டுத்தான் போவேன்.

வேண்டாம். நீங்க சொல்றது சரி. இப்ப பேப்பர் எதுக்கு.

பண்றீங்களா? நிஜமாவா? உங்க ஆபீஸ் போன்ல இருந்தே பண்ணுங்க, அந்த நம்பரைப் பாத்தா எடுத்துடுவா. ஒரு நிமிஷம், நம்பர் சொல்றேன். இதோ. எழுதிக்கிட்டீங்களா? கடைசி நாலு திருப்பிச் சொல்லுங்க. ஆமா, சரி.

முதல்ல நீங்க யாருன்னு சொல்லிடுங்க. அணைக் கட்டுப்பாட்டு அறைன்னு முழுசா சொல்லுங்க. அவ உடனே நம்ப மாட்டா, உங்க பேரு கேப்பா, எந்த ஊருன்னு கேப்பா, கல்யாணம் ஆச்சான்னுகூட கேப்பா. கோபப்படாதீங்க. பதில் சொன்னாத்தான் அடுத்த பேச்சுக்கு வருவா. அப்பறம் இடுப்பளவுன்னு சொல்லுங்க. சின்னவளுக்கு அது தலைக்கு மேலன்னு சொல்லுங்க. ரெண்டு பேத்திங்க மேடம், ஒன்பது வயசு, நாலு வயசு. மாமாகிட்ட, டிவியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு வெறுங்கையோட போகச் சொல்லுங்க. எங்க போறதுன்னு கேப்பா. பள்ளிக்கூடம், மாடி. என் வீட்டுக்கு வர்றேன்னு சொன்னா, பாலம் மூடியாச்சுன்னு சொல்லுங்க. அது உண்மைதானே. நீங்க சொன்னா உண்மையா இருக்கும்.

அந்தப் பலகை தப்புன்னு சொல்லுங்க. மிதக்கற மேடையில அறைஞ்சிருக்கு, அதனால ஏமாத்திடுச்சுன்னு சொல்லுங்க. தம்பியும் ஏமாந்துட்டான்னு... இல்ல, அதைச் சொல்ல வேண்டாம். பலகை தப்புங்கறதோட நிறுத்திக்குங்க. படிக்கட்டைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க.

எந்தப் படிக்கட்டா? அதான் மேடம், கரையில இருந்து மேடைக்கு இறங்கற சிமெண்ட் படி. மேடை மேல வர வர கீழ்ப்படி ஒவ்வொண்ணா தண்ணிக்குள்ள போகும். முதல் நாள் இருபத்தொரு படி இறங்கினேன். அந்த வார முடிவுல பதினேழு. அப்பறம் பன்னெண்டு. இன்னிக்குக் காலையில மூணு.

ஆமா. எண்ணினேன். தினமும். நாலாவது நாளே தெரியும் எனக்கு.

ஏன்னா கேக்கறீங்க. முதல் வாரமே அவ கேட்டா, ஏறற மாதிரி இருந்தா சொல்லுடா, நாங்க நாலஞ்சு பேரும் உன் வீட்டுக்கு வந்துடறோம், மூணு ரூம் இருக்குல்லன்னு. இருக்கு. அந்த மூணு ரூமையும் நான் எட்டு மாசமாத்தான் பாக்கறேன். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டுல வாடகை அறையில, மத்தவங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமறதைக் கேட்டே படுத்தவன் மேடம். மாமா பேசினா நாலு வீட்டுக்குக் கேக்கும். குழந்தைங்க ஓடும். அவ என் சமையலறையை மாத்தி வெப்பா. நாலு நாள் போகட்டும், மழை நின்னுடும்னு நினைச்சேன். நாலு நாள் கழிச்சு மறுபடியும் நாலு நாள். பலகை பாவம், அது என்ன பண்ணும், நாப்பத்திரண்டுன்னுச்சு. நானும் அப்படியே படம் எடுத்தேன். பொய்யா ஒரு வார்த்தை எழுதல. படம் மட்டும்தான்.

என்ன அப்படிப் பாக்கறீங்க. போடுங்க மேடம், நம்பரைப் போடுங்க. ஒண்ணேகால் ஆகுது.

ரிங் போகுதா?

எடுத்துட்டாளா? என்கிட்டக் குடுக்காதீங்க, வேண்டாம், நீங்களே பேசுங்க. என் குரல் கேட்டா அவ கிளம்ப மாட்டா.